ஓட்டோடு வேகவைத்த முட்டை

எனக்கு வாய் நீளம். கோபம் வந்துவிட்டால் கை அதைவிட நீளம். சென்னீர்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தசரதன் பெண்டாட்டி வடிவிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்தவள்தான் நான். அன்னம்மாள் விஷயத்துக்குப் பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

பெங்களூர் ரோட்டோரம், எங்கள் நிலத்தை ஒட்டி, என் வீட்டுக்காரர் ஒரு சின்ன ஓட்டுவீடு கட்டியிருந்தார். அதில் குடியிருந்தவள் அன்னம்மாள். வேதக்காரி. புருஷன் செத்துவிட்டான், பிள்ளை இல்லை. ஏரியைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் துரையின் பங்களாவில் அவளுக்கு ஆயா வேலை. சீமையில் ராஜா செத்துப்போனார் என்று தாலுக்கா கச்சேரியில் கொடியை இறக்கினார்களே, அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் குடிவந்தாள்.

எனக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பதினோரு நாள் இருந்தது. அது போவதற்கு முதல் நாள் எங்கள் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். மூன்றாவதாக ராணி பிறந்தபோது எனக்கு ஜன்னி கண்டுவிட்டது. நான் கிடந்த பத்து நாளும் பிள்ளையைத் தன் மடியில் போட்டுக் காப்பாற்றியவள் அன்னம்மாள். அவள் இல்லையென்றால் ராணி இல்லை. இதை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சாப்பாட்டில் மட்டும் எங்களுக்குள் ஒரு கோடு இருந்தது. அவள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பாள். அந்தச் சட்டியில் வெந்த எதையும் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். அவளும் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டாள். அதனால் ஆடி மாதம் நான் கூழ் காய்ச்சினால், அம்மனுக்கு ஊற்றுவதற்கு முன்பே அவளுக்கு ஒரு செம்பு தனியாக எடுத்து வைத்துவிடுவேன். கிறிஸ்துமஸ் வந்தால் அவள் பலகாரம் அனுப்பமாட்டாள். பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம் என்று அடுப்பு ஏறாத சாமானாக அனுப்புவாள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவரவர் மனசுக்குத் தெரிந்தது, அப்படியே நடந்துகொண்டோம்.

ராஜா செத்த அந்த வருஷம், பங்குனி கடைசியில், அன்னம்மாள் என்னிடம் மூன்று முட்டை வாங்கிப் போனாள். அவளுக்கு அப்போது நோன்பு. நாற்பது நாள் கறி, மீன் எதையும் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமை அன்று உப்புப் போட்ட கஞ்சி மட்டும்தான், அதுவும் ஒரு வேளை. பிறகு முட்டை எதற்கு என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நாலு வயசு ராணி தூக்கம் கலைந்ததும் நேராகப் பின்பக்கம் ஓடினாள். ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தாள். மல்லிச்செடி அடியில் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

முட்டை. ரத்தச் சிவப்பாக ஒன்று. நடுவில் வெள்ளையாகக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. போய்ப் பார்த்தால், செடியடியில் வைக்கோல் பரப்பி இன்னும் இரண்டு இருந்தன, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று. முட்டையில் மஞ்சளும் சிவப்பும் பூசி வாசலில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராணி கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். இங்கே தேடச் சொன்னது யார் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அன்னம்மாதான், காலையில் எழுந்ததும் செடிக்குக் கீழே தேடு, அம்மாவிடம் சொல்லாதே என்று சொன்னாள் என்று அழுதாள்.

அம்மாவிடம் சொல்லாதே. அந்த வார்த்தை போதுமாயிருந்தது எனக்கு. பிள்ளையில்லாதவள், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் எதை நினைத்தாளோ என்று புத்தி ஓடிற்று. பூசாரி வேம்புலியைக் கூப்பிட்டேன். அவர் முட்டையைப் பார்த்ததும், கையால் தொடாமல் முறத்தில் தள்ளி எரிக்கச் சொன்னார். வீட்டுக்காரர், கொஞ்சம் பொறு, கேட்டுப் பார்க்கலாம் என்றார். கேட்கவா போனேன் நான். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போனேன்.

அன்னம்மாள் விடியற்காலைப் பூசை முடிந்து வேதக்கோயிலிலிருந்து வந்து, வெள்ளைப் புடவையோடு அடுப்பில் கறி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாளைக்குப் பிறகு அவள் சாப்பிடப் போகிற முதல் கறி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, ராணி கண்டுபிடித்தாளா என்று கேட்டாள். நான் கத்திய கத்தலில் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் கோழி போட்ட முட்டதான் வடிவு அது. ஓட்டோட வேகவெச்சேன். என் சட்டித் தண்ணி உள்ள போவாது. கொழந்த துண்ணா தப்பில்லேன்னு நெனச்சேன்."

காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வந்த ஆத்திரத்தில் அந்த வார்த்தைக்கு உள்ளே போக வழியில்லை. அடுப்பிலிருந்த சட்டியைக் காலால் உதைத்தேன். கறி தரையெல்லாம் ஓடிற்று. குனிந்து மண்ணை அள்ளி அவள் மேல் தூற்றினேன். உன் வம்சம் அற்றது போதாதென்று என் வம்சத்தையும் அறுக்க வந்தாயா என்றேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் காலி பண்ணச் சொன்னேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் ஒரு பெட்டியோடு ஆவடி பக்கம் நடந்து போனதாகப் பிறகு சொன்னார்கள். ராணி ஒரு மாதம் அவளைக் கேட்டு அழுதாள். அழும்போதெல்லாம் அடித்தேன்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் வீட்டுக்காரர் பால் ஊற்றும் துரை பங்களாவிலிருந்து பட்லர் தேவராஜ், பால் போதவில்லை, இன்னும் இரண்டு படி கொண்டுவா என்று ஆளனுப்பினான். விடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் துரை பிள்ளைகள் இரண்டு பேரும், விருந்துக்கு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும், கையில் ஆளுக்கொரு கூடையோடு குனிந்து செடிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்குழந்தை கத்திக்கொண்டே கையைத் தூக்கினாள். கையில் சிவப்பு முட்டை, அதில் வெள்ளைக் கோடு. துரைசானி கைதட்டினாள்.

பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அது என்னவென்று தேவராஜைக் கேட்டேன். அவர்கள் பண்டிகை என்றான். ஏசு எழுந்த நாள், முட்டையை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்வார்களாம், பெற்றவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாதாம். வேகவைத்த முட்டையில் மெழுகால் கோடு போட்டு, ஆறிய வெங்காயத்தோல் சாயத்தில் ஊறவைத்தால் கோடு மட்டும் வெள்ளையாக நிற்குமாம். மத்தியானத்துக்கு முழு ஆட்டுத்தொடையை அடுப்பில் வாட்டுவார்கள், வெள்ளிக்கிழமை சிலுவை போட்ட ரொட்டி தின்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். அதே வெள்ளிக்கிழமை அன்னம்மாள் கஞ்சி குடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. சாமி ஒன்றுதான், ஆனால் அவர்களிடமும் வீட்டுக்கு வீடு அடுப்பு வேறு போலிருக்கிறது.

"மின்னே எல்லாம் அன்னம்மாதான் சாயம் போடும். அது கை பட்டா அப்டி வரும். உங்க ஊட்லதானே குடி இருந்துச்சு, இன்னாத்துக்கு போச்சு?" என்றான்.

அவள் ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருக்கிறாள், ரயிலில் வேலை செய்கிறவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று அவனே சொன்னான். வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே நடந்தேன். பாதி வழியில் ஒரு கட்டைவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம், காலில் விழுந்துவிடுவது, அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவது, சாயங்காலமே திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். என் வீட்டில் யார் என்ன சொன்னாலும் சரி, அவள் சட்டியில் வெந்ததைத்தான் சாப்பிடுவது என்று தீர்மானமாக இருந்தேன்.

மண்சுவர் வைத்த ஒற்றை அறை. உச்சிப்பொழுது. அன்னம்மாள் தட்டில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னும் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, தட்டைத் தூக்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காலில் விழுந்தேன். பங்களாவில் பார்த்ததைச் சொன்னேன், அழுதேன். தூக்கிவிட்டாள். அன்றைக்கே மன்னித்துவிட்டேன், தினமும் ஜெபத்தில் ராணி பேரைச் சொல்கிறேன் என்றாள். ராணி எவ்வளவு வளர்ந்தாள் என்று கேட்டாள். என் இடுப்பு உயரம் என்று காட்டினேன். அவளுக்குக் கண் நிறைந்தது. சரி, எல்லாம் தீர்ந்தது என்று நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பசிக்கிறது, எனக்கும் ஒரு பிடி போடு என்றேன்.

"வேணாம் வடிவு."

மாட்டுக்கறி என்றாலும் பரவாயில்லை, நீ போடு என்றேன். அவள் கதவுப் பக்கம் பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி.

"கறி இன்னாவோ ஆட்டுக்கறிதான். அதுக்கில்ல. இத துண்ணுட்டு ஊட்டுக்குப் போற. ராவுல உனக்கு ஒரு வயித்துவலி வந்தா? நாளைக்கு கொழந்தைக்கு ஒரு சொரம் வந்தா? அப்பறம் நான் எங்க போவேன் சொல்லு. உன் மேல எனக்கு கோவம் இல்ல. பயமாகீது."

அப்படியெல்லாம் இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் கோபம் எனக்கே தெரியும். அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். செம்பில் தண்ணீராவது கொடு என்றேன். தெருமுனையில் கிணறு இருக்கிறது, எல்லாரும் இறைக்கிற கிணறு, அங்கே குடித்துக்கொள் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

எழுந்து வெளியே வந்தேன். கிணற்றடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அன்னம்மாள் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் கண்மறைகிற வரைக்கும் அவள் சாப்பிட உட்காரமாட்டாள் என்று தெரிந்தது. தண்ணீர் குடிக்காமலே வேகமாக நடந்தேன்.