வேலைக்குத் திரும்பிய கை

பிரஸ் மெஷினில் துண்டான வலது கை அடுத்த மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டது. கைக்குச் சொந்தக்காரர் அப்போதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்தார். காலைச் சங்கு ஊதியதும் அது விரல்களால் நடந்து கேட்டுக்குள் நுழையும், தன் பழைய மெஷின்மேல் ஏறும், அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்குத் தகடு எடுத்துக் கொடுக்கும். முதல் நாள் பார்த்தவர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள். மறுவாரம் ‘ஓரமா போ, மிதிச்சிடப் போறாங்க’ என்று அதனிடம் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இதில் அதிகம் நொந்துபோனவள் அவருடைய மனைவி. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய கை வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் கம்பெனிக்கு ஓடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டதும் அவள்தான். கம்பெனி வக்கீல் சிரிக்காமல் இரண்டு காரணம் சொன்னார். கைதான் நாள் தவறாமல் வேலைக்கு வருகிறதே, இதில் இழப்பு எங்கே என்பது ஒன்று. அந்த மெஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும், எந்தக் கையும் அடியில் சிக்காது. தொழிலாளி ஒரு பொத்தானைக் கம்பியால் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினார், தப்பு அவருடையது என்பது இன்னொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தப் பேச்சைக் கேட்டு அவளுக்கு ரத்தம் கொதித்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று எல்லா மெஷினிலும் கம்பி கட்டிவைப்பது சூப்பர்வைசர்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் சாட்சி சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை. எல்லார் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே.

வாய்தாமேல் வாய்தாவாக இரண்டு மழைக்காலம் போயின. இழப்பீட்டு அதிகாரிக்கே அலுத்துப்போய், ஒரு நாள் காலை நேரில் பார்க்கக் கிளம்பினார். அவளும் கம்பெனி வக்கீலும் கூடப் போனார்கள். சங்கு ஊதியது. கை வந்தது. தகட்டைத் தொடுவதற்கு முன் பொத்தானில் கட்டியிருந்த கம்பியை நிதானமாக அவிழ்த்துக் கீழே போட்டது. அது தினமும் முதலில் செய்கிற வேலையே அதுதான் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர், அதிகாரி நிற்பதைப் பார்த்தார், வணக்கம் வைத்துப் பேசவும் ஆரம்பித்தார். வைத்த கையோடு குனிந்து கம்பியை எடுத்து, பேச்சை நிறுத்தாமலே பொத்தானில் இறுக்கிச் சுற்றினார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“தினமும் நீங்கதான் கட்டுவீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“இது அவுத்துடுதுங்க சார், என்ன பண்றது,” என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொண்டார்.

தீர்ப்பு அவளுக்கும் புருஷனுக்கும் சாதகமாக வந்தது. கை வேலை செய்த நாட்களுக்குத் தனியாகக் கூலி தரவேண்டும் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் கேட்டுக்குப் போய் நின்றாள். ஷிப்டு முடிந்து கூட்டம் வெளியே வந்தது, கடைசியில் கையும் வந்தது.

“போதும், வா. வீட்டுக்குப் போகலாம்,” என்றாள்.

கை அவள் தோள்மீது ஏறியது. பழைய வழக்கப்படி அவள் காதோர முடியை ஒதுக்கிவிட்டது. அவள் ஓவென்று அழுதாள். அழுது முடியும்வரை அது அங்கேயே இருந்தது. பிறகு இறங்கி, இரவு ஷிப்டுக்கு உள்ளே போகிறவர்களின் கால்களுக்கு நடுவே உள்ளே போய்விட்டது.

அவள் தனியாக வருவதைப் பார்த்துப் புருஷன் வாசலில் எழுந்து நின்றார்.

“வரலையா?”

“அங்க மெஷின்ல சின்னச் சின்னப் பொண்ணுங்க எல்லாம் நிக்குதுங்க,” என்றாள்.

“ஆமா, இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, அவள் பையை இடது கையால் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.