அறுபத்தெட்டு கிலோ

1

2019 மார்ச் 4, திங்கட்கிழமை காலை, ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், ஐம்பத்தெட்டு வயதுத் தையல்காரப் பெண் ஒருவர், தட்டுகள் மாட்டாத வெறும் இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து தொடைவரை தூக்கி, மறுபடியும் தரையில் வைத்தார்.

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. இனி வருபவற்றுக்கு அந்த உத்தரவாதம் தர மாட்டேன்.

கதை எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளிதழில் பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்ததில் என் இடுப்பு மக்கர் செய்தது. தனிப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். நான் அமர்த்திக்கொண்ட பயிற்சியாளரிடம் எனக்கு முந்தைய நேரம் அந்தத் தையல்காரருடையது. சீக்கிரமே போய், சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதன் எவ்வளவு நேரம் லேஸ் கட்ட முடியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆக, இந்தக் கதையின் மூலம் என் சோம்பல்.

2

பயிற்சியாளர் முப்பதைத் தாண்டாத பெண். பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவர். எல்லோருக்கும் அவர் ‘கோச்’. தையல்காரரை அவர் முதல் நாள் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டிருக்கிறார். “அது வேணாம்மா, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு முட்டி வலிக்குது” என்று பதில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து தையலக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல் நாள் பேச்சை நான் கேட்கவில்லை, கோச் சொன்னது. வருகிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாராம்: “உங்க இலக்கு என்னக்கா?”

“அறுபத்தெட்டு கிலோ.”

கோச் அவரை மேலும் கீழும் பார்த்தார். காற்றடித்தால் சாய்கிற உடம்பு. “இப்ப அம்பது இருப்பீங்களா? அவ்வளவு ஏத்தணுமா?”

“ஏத்த வேணாம்மா. தூக்கணும். என் வீட்டுக்காரர் அறுபத்தெட்டு.”

(குறைக்க வருகிறவர்கள்தான் அந்தக் கூடத்தில் அதிகம். சிலர் ஏற்ற வருவார்கள். இன்னொருவருடைய எடையை இலக்காகச் சொன்ன ஆள் அதுவரை வந்ததில்லை என்றார் கோச். சொல்லும்போது கையிலிருந்த வேர்க்கடலையை மறந்துவிட்டார். அவர் கடலையை மறந்து நான் பார்த்தது அப்போது ஒருமுறைதான்.)

3

இதுதான் நிலைமை. தையலக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வுபெற்ற அடுத்த வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: “ஆமா.” தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா.

காலையில் ஒரு உதவியாளர் வந்து குளிப்பாட்டி, உடை மாற்றிப் படுக்கவைத்துவிட்டுப் போவார். மீதிப் பொழுதெல்லாம் படுக்கைதான். ஒருநாள் பிற்பகல் தையலக்கா தானாகவே அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தார். இரண்டு பேரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தார்கள். அக்கா அடியில். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

வெளியூரில் இருந்த ஒரே மகள் அன்றிரவே வந்தாள். அப்பாவுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் சொல்லிவைத்தாள். இடம் காலியாக ஆறேழு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் அம்மா தனியாளாக அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துக் காட்டினால் அவர் வீட்டிலேயே இருக்கலாம், இல்லையென்றால் இல்லம். கெடு அதுதான்.

என் முதல் வரைவில் மகள் இப்படி நுழைந்தாள்: “கல்நெஞ்சுக்காரியான அவள் கைப்பையை மேசைமேல் வீசி—”

நிறுத்திவிட்டேன். அவள் எதையும் வீசியதாக யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வரைவில் அவளைக் கொஞ்சம் மென்மையாக்கினேன். மூன்றாவதில் அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்: “அப்பாவ ஒரு இடத்துல விட்டா வாரம் ஒருதடவையாவது போய்ப் பாக்கலாம். ரெண்டு பேரும் இன்னொரு தடவ விழுந்தா யாரம்மா போய்ப் பாக்கறது?” இதில் ஒரு தவறும் எனக்குத் தென்படவில்லை. கதைக்கு அது பெரிய இடைஞ்சல். அப்படியே விட்டுவைக்கிறேன்.

4

கோச் பாத்திரத்திலும் சந்தேகம் இருக்கிறது. இந்த மாதிரிக் கதைகளில் பயிற்சியாளர் வாழ்க்கையைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லியாக வேண்டும். இவர் சொல்லவே இல்லை. கடலை தின்பார், கைப்பேசியைப் பார்ப்பார், “முதுகு, முதுகு” என்பார். எல்லோரிடமும் சொல்கிற ஒரே வாசகம்: “தூக்காதீங்க. தரையைத் தள்ளுங்க.”

என்னிடமும் சொன்னார். எனக்கு அது காதோடு நின்றது. தையலக்காவுக்குக் கால்வரை இறங்கியது.

விளக்க முயல்கிறேன். கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்கும்போது, அதை மேலே இழுக்க நினைத்தால் முதுகு வளையும், கை நடுங்கும். இரண்டு பாதங்களாலும் பூமியைக் கீழே அழுத்தி அனுப்பப் போவதாக நினைத்தால் உடம்பு தானாக நிமிர்கிறது, கம்பியும் கூடவே வந்துவிடுகிறது. பூமி எங்கேயும் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நினைக்க வேண்டியது அதைத்தான்.

தையல் இயந்திரத்தை வாழ்நாள் முழுக்கக் காலால் ஓட்டியவர் அக்கா. மிதித்தால் மேலே வேலை நடக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது. (இது என் கண்டுபிடிப்பு. அவரிடம் சொன்னேன். “மோட்டார் மாட்டிப் பத்து வருஷம் ஆச்சு தம்பி” என்றார்.)

ஒவ்வொரு மாதமும் கம்பியில் தட்டுகள் ஏறின. ஆகஸ்டில் ஒரு காலை. கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் செருப்புக்குள் வைத்துவிட்டுக் கம்பிக்கு முன்னால் வந்து நின்றார். அறுபத்தெட்டு கிலோ. அவர் கண்களில் ஒரு—

(பின்னால் உட்கார்ந்திருந்தேன். கண்களைப் பார்க்கவில்லை.)

பார்த்தது குதிகால்களை. ரப்பர் விரிப்பில் அவை மெல்ல அழுந்தின. முட்டி நேரானது. தட்டுகள் தரையை விட்டு எழுந்தன. டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தவர் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். தன்னைவிடக் கனமான ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப்போல அக்கா சும்மா நின்றார். எத்தனையோ பதவியேற்பு விழாக்களுக்குப் போய்ச் செய்தி எழுதியிருக்கிறேன். எதிலும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியதில்லை. அன்று, ஒரு ஷூவில் லேஸ் கட்டாமலே எழுந்து நின்றேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நானும் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

5

மறுவாரம் அக்கா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “இரும்பு வருது. இவர் வரமாட்டேங்கறார்.”

வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று கோச் முடிவெடுத்தார். மணல் மூட்டை ஒன்றையும் எடுத்துப் போக வேண்டும்; அவருடைய ஸ்கூட்டர் தாங்காது; என்னிடம் கார் இருந்தது. நான் இந்தக் காட்சிக்குள் வந்தது அப்படித்தான். என் தகுதி, பெரிய டிக்கி.

அறையில் கட்டில், ஜன்னலோரம் கைப்பிடி வைத்த நாற்காலி, அதன்மேல் துணிக் குவியல். நாற்காலியில் வெகுநாளாக யாரும் உட்காராதது தெரிந்தது. கட்டிலில் கிரேன்காரர் படுத்திருந்தார். கோச் முதலில் மூட்டையை அவருக்குப் பக்கத்தில் போட்டார். அக்கா அதைக் கட்டிப்பிடித்து நிமிர்ந்து, திரும்பி, நாற்காலியில் வைத்துக் காட்டினார். தையல் பிரியாமல் வேலை முடிந்தது. கிரேன்காரர் அந்த மூட்டையை, தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்தது அவர். கட்டில் விளிம்பில் உட்காரவைத்தார்கள். அக்கா குனிந்து அவர் முதுகைச் சுற்றிக் கைகளைக் கோத்தார். தள்ளினார். கிரேன்காரரின் உடம்பு மொத்தமும் விறைத்துப் பின்னால் போனது. மறுபடியும். மறுபடியும் விறைத்தது.

“ஐயா, உங்க இடது கால் நல்லா இருக்குல்ல? நீங்களும் கொஞ்சம் தரையைத் தள்ளணும். சரியா?” என்றார் கோச்.

“ஆமா.”

தள்ளவில்லை. மனிதன் இரும்பில்லை என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். இரும்பு எளிது, இவ்வளவுதான் நான் கண்டது.

6

மூன்றாவது முயற்சிக்கு முன் கிரேன்காரரின் இடது கை மெல்ல உயர்ந்தது. சுட்டுவிரல் மேலே நீண்டு, காற்றில் சின்னதாக ஒரு வட்டம் போட்டது.

“ஃபேன் போடணுமா ஐயா?”

“ஆமா.”

கோச் போய் ஃபேனைப் போட்டார். விரல் மறுபடியும் வட்டம் போட்டது. கோச் வேகத்தைக் கூட்டினார். மேசையிலிருந்த மருந்துச் சீட்டுகள் பறந்தன. விரல் நிற்கவில்லை.

அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஃபேன் இல்லம்மா. தூக்குன்னு சொல்றார்.”

கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் இருப்பார். கீழே சரக்குக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். விரல் மேலே வட்டமிட்டால் தூக்கு. கீழே வட்டமிட்டால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் நிறுத்து. சைகை வராமல் எதையும் அசைக்கக் கூடாது. வேலையில் இருந்தவரை அவர் சைகை பார்த்தவர், காட்டியவரில்லை. வீட்டில் மட்டும் காட்டுவாராம். மகள் குழந்தையாக அழும்போது உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் அழுகை நின்றுவிடும் என்றார் அக்கா.

“இவ்வளவு நாளா நான் சைகை இல்லாம தூக்கியிருக்கேன்” என்று கணவரிடம் சொன்னார். “சொல்லக் கூடாதா?”

“ஆமா” என்றார் கிரேன்காரர்.

அக்கா மறுபடி குனிந்து கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். கணவரின் இடது கை தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவருக்குத் தெரியாது. கிரேன்காரர் அதை மனைவியின் தோளுக்கு மேல் கொண்டுவந்து, காதோரம் நீட்டினார். விரல் வட்டமிட்டது. அக்கா தரையைத் தள்ளினார். கிரேன்காரரின் இடது காலும் தள்ளியது. பாதத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

அவர் எழுந்தார்.

அவர் அவ்வளவு உயரமானவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. படுத்திருப்பவர்களின் உயரத்தை நாம் மறந்துவிடுகிறோம். அக்காவின் தலை அவர் சட்டைப் பையருகே இருந்தது. உள்ளங்கை கவிழ்ந்து ஆடியது: நிறுத்து. இரண்டு பேரும் நின்றார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார், அவசரமில்லாமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. பிறகு விரல் கீழ்நோக்கி வட்டமிட்டது. அக்கா திரும்பி, முட்டியை மடக்கி, அவரை நாற்காலியில் இறக்கினார். சத்தமே இல்லை.

யாரோ கொடுத்த தலையணையைக் கட்டிப்பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

7

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். இல்லத்தில் இடம் தயாராகியிருந்தது.

அன்று நான் அங்கே இல்லை. கோச்சும் இல்லை. “நீ பக்கத்துல நின்னா நீ தூக்கினதாத்தான் அவளுக்குப் படும். வராதே” என்று அக்கா கோச்சிடம் சொல்லிவிட்டார்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா ஒரே மூச்சில் தூக்கிவிடுகிறார், மகள் அழுகிறாள். (அழுகை என்னுடையது. கிழித்தேன்.) இன்னொன்றில் முதல் முறை நழுவுகிறது, மகள் பாய்ந்து வருகிறாள், அப்பாவின் உள்ளங்கை கவிழ்ந்து அவளைப் பார்த்து ஆடுகிறது, அவள் சின்ன வயதில் நின்றதுபோல் நின்றுவிடுகிறாள். மூன்றாவதில்—

வேண்டாம். கண்ணால் பார்க்காததை எழுதுவதில் எனக்குப் பழக்கம் போதாது. உங்களிடம் கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, துணிக் குவியல் அகற்றப்பட்ட நாற்காலி இருக்கிறது. வாசலருகே தோளில் பையோடு மகள். கட்டில் விளிம்பில் அவர். முன்னால் குனிந்து காத்திருக்கும் அக்கா. விரல் இன்னும் உயரவில்லை. கீழே உள்ள இடம் உங்களுக்கு.

.

.

.

8

இல்லத்தில் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. மகள் திங்கள் காலை வண்டியில் ஊர் திரும்பினாள்.

அதே காலை தையலக்கா வழக்கமான நேரத்துக்கு வகுப்புக்கு வந்தார். கண்ணாடியையும் கடிகாரத்தையும் செருப்புக்குள் வைத்தார். நேற்று எப்படி நடந்தது என்று கோச் கேட்டதற்கு, “தூக்கினேன், உக்கார வெச்சேன்” என்றார். பிறகு கம்பியைக் காட்டி, எடையைக் கூட்டச் சொன்னார்.

“ஏங்க்கா, இது போதாதா?”

“நாற்காலில உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்து நல்லா சாப்பிடறார். ஆஸ்பத்திரில எடை பாத்தோம். ரெண்டு கிலோ ஏறிட்டார்.”

கோச் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னத் தட்டுகளை மாட்டினார்.