இரவல் புத்தகத்தில் எழுதியவை

"கால் இடறி விழுந்தாங்களாம்! கேட்டியா அம்மணி? எங்கம்மா கெணத்தடியில கால் இடறி விழுந்து கைய முறிச்சுக்கிட்டாங்களாம்!"

பழனியாத்தாள் மின்நூல் கருவியைச் சாப்பாட்டு மேசையில் அடித்து வைத்ததில் டம்ளர் கவிழ்ந்தது.

"மெதுவாங்கம்மா, கண்ணாடி போயிரும்," என்றாள் மகள் இனியா.

"போகட்டும். நான் சொன்னது ஒண்ணு, அந்த மனுசன் எழுதியிருக்கறது ஒண்ணு!"

அந்த மனுசன் பேராசிரியர் சென்னகேசவன். நாலு வருடம் முன்பு சிங்காநல்லூரில் இருக்கும் இந்த வீட்டுக்குப் பதினோரு நாள் வந்து, அவள் பேசியதையெல்லாம் பதிவு செய்துகொண்டு போனார். கோபிப் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணையாளாக இருந்த குடும்பங்களைப் பற்றிய புத்தகம். அச்சில் வரவில்லை, மின்நூல்தான். நூலகத்தில் அதற்கு ஒரே ஒரு படிக்குத்தான் உரிமம். ஒருவர் படித்து முடித்தால்தான் அடுத்தவருக்கு. பதினாலாம் நாள் தானாக மறைந்துவிடும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற பழனியாத்தாள், இருபது நாள் வரிசையில் கிடந்து வாங்கியிருந்தாள்.

அவள் சொன்னது இதுதான். பண்ணையக்காரரின் கிணற்றில் அம்மா கருப்பாத்தாள் யாரையும் கேட்காமல் குடத்தை இறக்கினாள். பண்ணையக்காரர் தடியால் அடித்து அவளது வலது கையை முறித்தார். எட்டு வயதுப் பழனியாத்தாள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

புத்தகத்தில் பொய் கண்ட இடத்திலெல்லாம் கருவியிலேயே ஒற்றை விரலால் குறிப்பு எழுதினாள். மில்லில் வேலை பார்த்த காலத்தில் சங்கத்து வாசகசாலையில் அவள் பழகிய முறை அது. ஓரத்தில் பென்சிலால் ஒருவர் 'தப்பு' என்று எழுதுவார், அடுத்து எடுப்பவர் அதற்குக் கீழே பதில் எழுதுவார். பதினாலு நாளில் நாற்பத்தொரு குறிப்புகள்.

பதினைந்தாம் நாள் காலையில் புத்தகம் மறைந்திருந்தது.

"போகட்டும். அடுத்தாப்ல வாங்கறவங்க நான் எழுதுனதப் படிச்சுக்குவாங்க."

இனியா தயங்கினாள். "அவுங்களுக்குத் தெரியாதுங்கம்மா. குறிப்பெல்லாம் உங்க கணக்குலதான் இருக்கும். அடுத்தவங்களுக்குப் புத்தகம் சுத்தமாத்தான் போகும்."

"சுத்தமாவா? பொய்யோட போறது சுத்தமா?"

உடனே பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க சார், நல்லாயிருக்கறீங்களா? எங்கம்மா எப்பங்க இடறி விழுந்தாங்க?"

"அம்மா, அது வந்துங்க... அந்தக் குடும்பம் இன்னும் ஊர்ல இருக்குது. கேஸ் போட்டுருவாங்க. பதிப்பாளர் பயந்தாரு."

"போடட்டுங்க. பார்த்தவ உசுரோட இருக்கறனே."

"அடுத்த பதிப்புல பார்க்கலாமுங்க."

"அதுவரைக்கும் புத்தகத்த எடுத்துப்போடுங்க."

"அது என் கையில இல்லீங்களே."

"உரிமை உங்களுதுன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்குதுங்களே! அடி வாங்குனது எங்கம்மா, பேசுனது நானு, உரிமை உங்களுக்கு. எடுக்கச் சொன்னா மட்டும் கையில இல்லீங்களா?"

"கிளாஸுக்கு நேரமாச்சுங்க," என்று அவர் வைத்துவிட்டார்.

பழனியாத்தாள் மகள் பக்கம் திரும்பினாள். "இப்ப எவுங்களோ ஒருத்தர் எங்கம்மா இடறி விழுந்ததப் படிச்சிட்டிருப்பாங்க அம்மணி."

இனியா நூலகத்தின் பக்கத்தைத் திறந்தாள். "இங்க பாருங்க. புத்தகத்துக்குக் கீழ வாசகர் கருத்துன்னு ஒரு இடம் இருக்குது. வாங்கப் போறவங்க எல்லாரும் பார்ப்பாங்க. ஆனா புத்தகத்துல இருக்கறத அப்படியே எடுத்துப் போட்டுராதீங்க, காப்பிரைட்டுன்னு தூக்கிருவாங்க."

"அந்தாளு எழுதுனது எனக்கெதுக்கு? அதுதான பொய்யி. நகரு."

கணக்கில் இருந்த தன் குறிப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'நான் பழனியாத்தாள். இந்தப் புத்தகத்தில் பேசியிருப்பவள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பொய். என் தாய் கருப்பாத்தாள் இடறி விழவில்லை. கிணற்றில் குடம் இறக்கியதற்காகப் பண்ணையக்காரர் அடித்துக் கையை முறித்தார். நான் பார்த்தேன்.'

பதிந்துவிட்டு அடுத்த குறிப்பை ஆரம்பித்தாள். சாயங்காலம் போன் அடித்தது. இனியா எட்டிப் பார்த்தாள்.

"சென்னகேசவன் சாருங்கம்மா. எடுக்கட்டுங்களா?"

"அடிக்கட்டும் உடு," என்றாள் பழனியாத்தாள், தலையைத் தூக்காமலே. "இன்னும் முப்பத்தாறு பாக்கி இருக்குது."