சைக்கிள் ஸ்டாண்டில் காணாமல் போன டேஞ்சர் லைட்டுகள்

அசரியாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது. தாம்பரம் ரயிலடிப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் பன்னிரண்டு வருஷம் டோக்கன் கிழித்தவன், கண்டவனை நம்பினால் பிழைப்பு நடக்குமா? அவன் ஸ்டாண்டிலேயே, தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில், சைக்கிள்களின் பின் மட்கார்டில் இருக்கும் டேஞ்சர் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. லைட் என்று பேர்தான். வெறும் சிவப்புக் கண்ணாடி. வெளிச்சம் பட்டால் மின்னும், அவ்வளவே.

ஸ்டாண்டை ஏலம் எடுத்திருந்த பக்தவச்சலம் குதித்தார். "சனிக்கிழமைக்குள்ள திருடனைப் புடி. இல்லன்னா சாவியை வெச்சிட்டுப் போய்க்கினே இரு!"

அசரியாவின் சந்தேகம், ஸ்டாண்டுக்கு எதிரே பங்க்சர் கடை போட்டிருந்த மாரி மேல் விழுந்தது. ஸ்பேனர் யார் கையில்? அவன் கையில். பழைய சாமான் விற்பது யார்? அவன்தான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வியாழக்கிழமை மத்தியானம் நேரே போய் மாரியின் தகரப்பெட்டியைக் கவிழ்த்தான். ட்யூப் துண்டுகள்தான் கொட்டின.

"இன்னாண்ணா, என்னையே சந்தேகப்படறியா?"

"உன்னைத் தவிர எவன்டா எடுப்பான், கஸ்மாலம்!" என்று பளாரென ஓர் அறை விட்டான்.

மாரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்நேரம் பார்த்து அசரியாவின் மனைவி அருள்மேரி சோற்றுக் கேரியரோடு வந்தாள். மாரி வாயை மூடிக்கொண்டான். திருட்டுப் பயலுக்குப் பேச நா எழவில்லை என்று அசரியா நினைத்துக்கொண்டான்.

தினமும் அவன் கொட்டகைக்குப் பின்னால் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அயர்வான். அவன் எழுந்து வரும்வரை ஸ்டாண்டுக்கு அருள்மேரிதான் காவல். நாளெல்லாம் அந்த நேரம் மட்டும்தான் அவனுக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, கரண்ட் போன இருட்டில், ஜிஎஸ்டி ரோட்டில் பீர்க்கன்கரணையிலிருந்த வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தான். முன்னால் ஒரு டிரைவிங் ஸ்கூல் பியட் விக்கி விக்கிப் போய் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரியின் வெளிச்சம் பட்டதுதான் தாமதம், அதன் முதுகில் 'எல்' எழுத்து சிவப்பாக ஜெகஜ்ஜோதியாய் மின்னியது. லாரி தூரத்திலேயே ஒதுங்கிப் போனது.

அசரியா கிட்டே போய்த் தடவிப் பார்த்தான். எழுத்து முழுக்க டேஞ்சர் லைட். எல்லாம் அவன் ஸ்டாண்டு லைட்!

"ஆப்ட்டியாடா!" என்று கதவைப் பிடித்து இழுத்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அருள்மேரி உட்கார்ந்திருந்தாள். ஜெபக்கூட்டத்துக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். பக்கத்தில் மாஸ்டர் திருதிருவென விழித்தார்.

"எத்தினி நாளிக்கி நர்சரி ஸ்கூல்ல ஆயாவாவே கெடக்கறது? லைசென்ஸ் எடுத்தா வேன் ஓட்ட வெச்சிக்கறேன்றாங்க. உன்கிட்ட சொன்னா வுடமாட்டே" என்றாள் அருள்மேரி. "போன மாசம் லாரிக்காரன் பின்னால வந்து உரசிட்டான்யா. பெயிண்ட்ல எழுதுன எல்லு இருட்டுல எவன் கண்ணுக்கும் தெரியல. மாஸ்டரு இதோ மாத்தறேன், அதோ மாத்தறேன்னே ஓட்டறாரு. பயந்துட்டேன். நீ தூங்கசொல்ல நான்தான் கழட்டினேன்."

அசரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் லாரி ஒதுங்கிப் போனது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு கண்ணாடியைக்கூடக் கழற்ற அவனுக்குக் கை வரவில்லை.

சனிக்கிழமை காலையில் பக்தவச்சலம் வந்தார். "மாரிதானே? ஒரு வார்த்தை சொல்லு, இன்னிக்கே அவன் கடையைத் தூக்கிடறேன். உன் வேலை உனக்கு."

ஒரே வார்த்தைதான்.

"மாரி இல்ல சார். நான்தான் எடுத்தேன்."

ஊரே கேட்கும்படி திட்டு விழுந்தது. மிச்சச் சம்பளத்தில் எல்லா சைக்கிளுக்கும் புது லைட் போட்டுவிடச் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்து, ரோட்டைத் தாண்டி மாரியிடம் வந்தான்.

"உன்னை அடிச்சிட்டேன்டா. மன்னிச்சிக்கோ."

"வுடுண்ணா" என்றான் மாரி. "ஸ்பேனரே அக்கா என்கிட்டதான் எரவல் வாங்கினு போச்சு. இன்னாத்துக்குன்னும் சொல்லிச்சு. உனக்குத் தெரிஞ்சா வண்டி கத்துக்கறதையே நிறுத்திடுவியேன்னுதான் வாயைத் தொறக்கல."

அசரியாவுக்கு அறைந்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அது கெடக்குது" என்றான் மாரி. "அக்காவுக்கு எப்பண்ணா டெஸ்ட்டு?"