கூறைச்சேலையில் ஒரு துண்டு

1

இந்தக் கதை எனக்கு உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரம்மா சொன்னார்: "அந்தக் காலத்துல எங்க பெரியம்மா சுந்தராம்பா மாமனாருக்குப் பீ மூத்திரம் அள்ளுச்சு. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல."

"நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"நாலெழுத்து படிச்சிட்டா இப்படித்தான் குறுக்க கேக்கத் தோணும்" என்று பாயசத்துக்குத் திரும்பிக்கொண்டார். நான் பாயசத்தை ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: "பொறுமையே வடிவான சுந்தராம்பாள் அன்று காலை —"

(வேண்டாம். பொறுமை என்று எழுதிக் கொடுத்தால் அவளை அந்தப் படுக்கைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிடுவீர்கள்.)

மறுபடி. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம். மாமனார் வைரக்கண்ணுவுக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் விழவில்லை. கஞ்சியில் உப்புக் குறைந்தால் தெருவுக்கே கேட்கும். அவருக்கு அடியில் போட ஒரு துணி, மாற்ற ஒரு துணி. துணியோ ரேஷன் கூப்பனுக்குத்தான், அதுவும் வந்தால். பழஞ்சேலை, பழவேட்டி, தலையணை உறை எல்லாம் நைந்துபோனபின் சுந்தராம்பாள் பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையைக் கிழித்தாள்.

[தாலி ஏறும்போது உடுத்தியிருந்த சேலை. அதைக் கிழித்தால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்பது அந்த வீட்டு நம்பிக்கை. பெண்டாட்டி ஆயுசுக்கு என்று எந்தத் துணியும் கிடையாது.]

3

எறையூரில் அவளைப் பெற்றவள் படுத்துவிட்டாள். பார்க்கவேண்டுமென்றால் இப்போதே வரவேண்டும் என்று ஆள் வந்து சொல்லிப் போனது. அரியலூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஜெகதாம்பாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டு வந்தாள். அவள் வந்த வண்டியிலேயே சுந்தராம்பாள் புறப்படுவதாக ஏற்பாடு. மூட்டை கட்டியாயிற்று.

"போயிட்டு வாங்க அண்ணி. என்னப் பெத்தவரு, எனக்குச் சொல்லணுமா?" என்று ஜெகதாம்பாள் போர்வையை விலக்கினாள். அடியில் அரக்குக் கரை.

"அய்யய்யோ, இது கூறையில்ல?"

"வேற துணி இல்ல ஜெகதா."

"இல்லன்னா? எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில தாலிச்சேலையப் பீத்துணி ஆக்குவீங்களா? இனி இந்த வூட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்!"

"நீ குடிக்காத. உங்கப்பாவுக்குக் குடு, போதும்."

புருஷன் சின்னதுரை நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "அதான் ரெண்டு நாளா இங்க புடிச்ச மாரியே இருக்கு."

ஜெகதாம்பாள் வண்டியைப் பார்த்து நடந்தாள், அரியலூருக்கே திரும்ப.

(அபசகுனத்துக்குப் பயந்தாளா, நாற்றத்துக்கா? நாற்றத்துக்கு என்றுதான் எழுதுவேன். மூக்கைப் பொத்திய பிறகுதான் அவள் கரையைப் பார்த்தாள்.)

4

முடிவு ஒன்று. வைரக்கண்ணு, "நாந்தான் கிழிக்கச் சொன்னேன், அவ போவட்டும்" என்கிறார். எழுதினேன், அடித்துவிட்டேன். உப்புக்குத் திறந்த வாய் இதற்குத் திறக்கவில்லை. தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவு இரண்டு. சின்னதுரை, "நான் பாத்துக்கறேன், நீ —"

(எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு மூன்று, பந்தியில் பரிமாறியது. அவள் மூட்டையை அவிழ்த்தாள். பின்னால் எறையூரிலிருந்து சாவுச் சேதிதான் வந்தது. அப்போதும் முகம் சுளிக்கவில்லை.

இதை எழுத மாட்டேன். கையை ஒடித்தாலும் எழுத மாட்டேன்.

5

ஜெகதாம்பாள் வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டாள். நான் எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சுந்தராம்பாள் சொல்கிறாள்:

"எறங்கு ஜெகதா. அது எறையூர் போற வண்டி."

உள்ளேயிருந்து கிழவர் குரல்: "ஏ புள்ள! நனைஞ்சு போச்சு!" இப்போது வாய் திறக்கிறது.

சுந்தராம்பாள் திரும்பிப் பார்க்கிறாள். முகம் சுளிக்கிறது. நன்றாகவே சுளிக்கிறது.

நான் அவளை வண்டியில் ஏற்றிவிடுகிறேன். அதற்கு உள்ளே கிழவரிடம் ஓர் ஆள் வேண்டும், ஜெகதாவை நம்ப முடியாது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்தீர்களே, எழுந்து வாருங்கள். மிச்சக் கூறை கொடியில் காய்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

முகம் சுளிக்கலாம். தப்பில்லை.