தட்டில் மிஞ்சிய ஒரு கிவி

சேஜோங்கில் வேலை கிடைத்ததிலிருந்து, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன் என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். தேஜோனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. அம்மா பிடி கொடுக்கவில்லை. மூன்று வேளையும் பாக்கெட் நூடுல்ஸ் தின்றே உடம்பைக் கெடுத்துக்கொள்வேன் என்பது அவர் கட்சி. மாலை நேரச் சமையல் வகுப்பில் நான் சேர்ந்ததே இதற்காகத்தான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஞாயிறு மதியம் நான் புல்கோகி செய்ய வேண்டும். அப்பா இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டால் நான் போகலாம்.

மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சியைச் சோயா, சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெயில் ஊறவைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதிலேயே ஆயிரம் சந்தேகம். கறி மிருதுவாக வர, பேரிக்காயைத் துருவிச் சேர்ப்பார்கள். வசந்த காலத்தில் பேரிக்காய் யானை விலை. பதிலுக்குக் கிவி போடலாம், ஆனால் அளவு மீறினால் அது கறியையே தின்றுவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு பழத்தில் கால்வாசியைத் துருவிப் போட்டேன். போதுமா என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் போடத் துடித்த கையை அடக்க, மீதிப் பழத்தை நானே தின்றேன். கிண்ணத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினேன். கறியைச் சுற்றிச் சாப்பிட லெட்யூஸும் எள் இலையும் வாங்க வேண்டும். எந்தக் கடையிலும் இலை மனசுக்குப் பிடிக்காமல் ஏறி இறங்கியதில் நேரமாகிவிட்டது.

மேசை நடுவில் கேஸ் அடுப்பு. சட்டி காய்ந்ததும் இடுக்கியைக் கறிக் கிண்ணத்தில் விட்டு முதல் துண்டை எடுத்தேன். துண்டு வரவில்லை, இடுக்கி நுனியில் கூழ் வந்தது. கிளறிப் பார்த்தால் கிண்ணம் முழுக்க அப்படித்தான். சட்டியில் போட்டதும் பிசிறு பிசிறாகக் கரைந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நா-ரே, இது கறியா, கஞ்சியா?"

கால் பழம்தான் போட்டேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை கை தவறியிருக்குமோ? எழுந்து போய்ப் பழத்தட்டைப் பார்த்தேன். காலையில் நிறைந்திருந்த தட்டில் ஒரு கிவிதான் மிச்சம்.

"இங்க இருந்த கிவியெல்லாம் எங்கம்மா?"

அம்மா கிம்ச்சி ஊறுகாய்த் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நீ பயந்து பயந்து துளியூண்டு போட்டிருப்பேன்னு தெரியும். கறி ரப்பர் மாதிரி இருந்தா உங்கப்பா எப்படிடீ ரெண்டாவது கிண்ணம் கேப்பாரு? அதான் ஒரு பழம் போட்டேன். ஒண்ணே ஒண்ணு."

மற்றவை எங்கே என்று கேட்பதற்குள் அப்பா இருமினார். "நான் ரெண்டு போட்டேன். மெத்துமெத்துனு வரும்னு டிவியில சொன்னாங்க."

"உங்கள யாரு அடுப்படிக்குள்ள போகச் சொன்னா?"

"நீ மட்டும் போகலாமோ?"

இத்தனை நாளாக வேண்டாம் வேண்டாம் என்ற அம்மா எனக்காகத் திருட்டுத்தனமாகப் பழம் துருவியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா சட்டியிலிருந்ததைச் சாறோடு கரண்டியில் அள்ளிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். இலைக்கு வேலையே இல்லை. தலையைத் தூக்காமல் கிண்ணத்தைக் காலி செய்து, அம்மா பக்கம் நீட்டினார்.

"அவளுக்காகக் கேக்காதீங்க" என்றார் அம்மா.

"எனக்காகத்தான் கேக்கறேன். மெல்லவே வேண்டியதில்ல, தானா இறங்குது."

அம்மா கிண்ணத்தை வாங்கினார். ஆனால் சோறு போடவில்லை. இது மூன்று பேர் சமைத்த கறி, இதை எப்படி நா-ரேயின் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிறகு அவரே சோற்றை அள்ளிக் குவித்தார். "நாங்க ரெண்டு பேரும் இல்லாத வீட்ல செஞ்சிருந்தா ஒழுங்கா வந்திருக்கும். போ, போயி ரூம் பாரு."

மிஞ்சியிருந்த கிவியை அம்மா மூன்றாக நறுக்கி எங்கள் முன் வைத்தார். யாரும் மறுபடி எதிலும் போட்டுத் தொலைப்பதற்குள் தின்று தீர்க்கச் சொன்னார்.