வானகரத்தில் நின்ற ரோலர்

ரோடு போடும் கூட்டம் ரோலரை வானகரத்திலேயே விட்டுவிட்டு முகப்பேருக்குப் போய் எட்டு நாளாகிவிட்டது. பாதி பரப்பிய ஜல்லியின் மேல் அது நின்றது. அதன் நிழலில் டிரைவர் எத்திராஜ் உட்கார்ந்திருந்தார்.

எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்பு கசிந்ததுதான் காரணம். முதலில் லேசாக ஈரம் தெரிந்தது. பிறகு சொட்டத் தொடங்கியது. அடுத்து மேடு ஏறும்போது எஞ்சின் இழுக்க முடியாமல் திணறியது. ஒருநாள் மத்தியானம் வெள்ளைப் புகை கக்கிவிட்டு நின்றேவிட்டது.

"மெக்கானிக் லட்சுமணன நாளைக்கு அனுப்பச் சொல்லிக்கீறேன். அதுவரைக்கும் பம்புல கைய வச்சிடாத. வண்டியப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஜெயராமன் லாரியில் ஏறினார். தார் டிரம், மண்வெட்டி, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏறின. கூட்டத்துக்குச் சமைத்துப் போடும் நாகம்மாள் லாரியின் பின்னாலிருந்து கையாட்டினாள். அது 1989, ஆனி மாதம்.

லட்சுமணன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எத்திராஜ் கசிகிற இடத்துக்குக் கீழே ஒரு பால் டப்பாவை வைத்து, நிறைந்ததும் டீசலைத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றினார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ரோலர்மேல் ஏறினார்கள். முதல் இரண்டு நாள் விரட்டினார். மூன்றாம் நாள் அவர்கள் வரத் தாமதமானபோது சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூந்தமல்லி பஸ் ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்பானர் பையோடு ஓர் ஆள் இறங்குகிறானா என்று பார்ப்பதுதான் வேலையாக இருந்தது. ராத்திரி ரோலருக்கு அடியிலேயே படுத்தார். போவதற்கு வேறு வீடும் இல்லை. இருபது வருஷமாகக் கூட்டம் போகிற இடம்தான் அவருக்கு வீடு.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் அவர் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

லாரிகள் ஓடத் தொடங்கினால் புழுதி பறக்கும். பம்புக்குள் ஒரு மணல் துகள் போனால் தீர்ந்தது. ஆகவே சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பம்பின் தலையிலிருந்து இரண்டு பைப்புகள் போகின்றன. கசிகிற பைப்பைக் கழற்றி, அதன் கீழே வால்வை அமுக்கிப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் திருகி எடுத்தார். உள்ளே ஒரு செப்பு வாஷர். எட்டணாக் காசு அளவுகூட இல்லை. வருஷக்கணக்கில் நசுங்கி நசுங்கி இறுகிப்போய், ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு விழுந்திருந்தது. இந்தக் கோட்டு வழியாகத்தான் டீசல் வந்துகொண்டிருந்தது. இதற்காகவா ஒன்பது நாள்?

புது வாஷர் இல்லை. பழசை உப்புத்தாளில் வைத்துக் கோடு மறையும்வரை தேய்த்தார். பிறகு அதை ஒரு கம்பியில் கோர்த்துக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். கடைக்காரி வேம்புலியம்மாள் அப்போதுதான் அடுப்புப் பற்றவைத்திருந்தாள்.

"கொஞ்சம் நெருப்பு வோணும்மா" என்று கம்பியை நீட்டினார்.

"இன்னாயா, காலங்காத்தால என் அடுப்புல மோதிரம் சுடுறே? ஊட்டுக்காரிக்கா?"

"அவ போய்ச் சேந்து மூணு வருசம் ஆவுது."

அவள் அடுப்பை ஊதிவிட்டாள். வாஷர் செக்கச்செவேலென்று பழுத்ததும் அவர் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். செம்பு இளகியிருந்தது. இனி இறுக்கினால் படியும். வேம்புலியம்மாள் கேட்காமலே டீயை நீட்டினாள்.

எல்லாவற்றையும் சுத்தமான டீசலில் அலசி மாட்டினார். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, பம்பின் பக்கத்துத் திருகைத் தளர்த்திவிட்டு எஞ்சினோடு இருக்கும் கைப்பம்பை அழுத்தினார். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குமிழ் நின்று டீசல் தடையில்லாமல் வழிந்ததும் திருகை இறுக்கினார். பிறகு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். மூன்று தடவை செருமியது. நாலாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடியது.

"ஓடுது!" என்று கத்தியபடி திரும்பினார்.

சாலையில் யாரும் நிற்கவில்லை. வேம்புலியம்மாள் குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். பஸ்ஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, சத்தம் தாங்காமல் ஜன்னலை இழுத்து மூடினார். எத்திராஜ் கடைக்குப் போய் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ரோலரில் ஏறினார்.

மனிதன் நடக்கிற வேகத்தில்தான் ரோலர் போகும். முகப்பேர் வரை வழியெல்லாம் அவர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். மேஸ்திரி வாயைப் பிளப்பார், நாகம்மாள் சிரிப்பாள். ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் பின்னால் கூட்டம் தெரிந்தது. அவர்களோடு இன்னொரு ரோலரும் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் தெரியாத முகம்.

"அடடே, எத்திராஜு!" என்றார் ஜெயராமன். "வாடகைக்கு ஒண்ணு எட்தாந்துட்டோம்பா. நாலு நாளாவுது."

"லட்சுமணன் வர்லியே."

"அவன் வேலைய வுட்டே போய்ட்டான். உனுக்கு யாரும் சொல்லலியா?"

எத்திராஜ் இல்லையென்று தலையை ஆட்டினார். பம்பை யார் பார்த்தது என்று மேஸ்திரி கேட்கவில்லை. "ரெண்டு வண்டி இங்க வோணாம். சாப்ட்டு, பூந்தமல்லி யார்டுல கொண்டுபோய் வுட்ரு. அடுத்த வேல வந்தா ஆள் அனுப்புறேன்."

நாகம்மாள் அவரைப் பார்த்ததும் தவித்துப்போனாள். "உனுக்கு ஒல வக்கிலியே அண்ணாத்தே. நீ வருவேன்னு தெரியாதே." தன் தட்டிலிருந்து பாதிச் சோற்றை எடுத்து வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. புது டிரைவர் அவர் வழக்கமாக உட்காரும் டிரம்மின்மேல் உட்கார்ந்து, கூட்டத்தில் ஜல்லி சுமக்கும் தாட்சாயிணியின் பிள்ளையை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

வந்த வழியே திரும்பினார். வானகரத்தில் வேம்புலியம்மாள் கடையைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. அவர் கையாட்டியதை அவள் பார்த்தாளோ இல்லையோ.

பூந்தமல்லி யார்டுக்குள் ரோலர் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஓடாத லாரிகளுக்கு நடுவே, மடியில் ரேடியோவோடு காவலாளி சுலைமான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொழுதுக்கும் அந்தத் துருப்பிடித்த வண்டிகளோடு இருக்கிறவர். எழுந்து வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

"இது பம்பு லீக்குனு நின்ன வண்டிதானே? யாரு பாத்தா?"

"நான்தான் பாய்."

"நீயா? எப்டி?"

எத்திராஜ் எஞ்சினை நிறுத்தினார். பிறகு சாக்கைக் கட்டியதிலிருந்து தொடங்கினார். தலைமுடிக் கோட்டைச் சொன்னார், அடுப்பைச் சொன்னார், டீக்கடைக்காரி மோதிரம் என்று நினைத்ததைச் சொன்னார். குமிழ்கள் அரை மணி நேரம் வந்துகொண்டே இருந்தன என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னார். சுலைமானுக்குப் பம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ரேடியோவை அணைத்துவிட்டு, நாற்காலியை எத்திராஜ் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, தான் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"ம். அப்பறம்?"